மூத்தவன் உள்ளே போனானா?

ஜூலை 3

மகளே,

நலம் விசாரிக்கிற பகுதியை விட்டுவிடச் சொல்லிவிட்டேன். நான் நலமாக இல்லை. நீ நலமா என்று கேட்டால் நீ பதில் சொல்லப்போவதும் இல்லை. போனில் பேசினால் பாதியில் வைத்துவிடுகிறாய், அதனால்தான் கடிதம். நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவர் கீழ்வீட்டுத் தையல்காரம்மா. ஒரு பொத்தானுக்குக் காஜா எடுக்கிறார், ஒரு வரி எழுதுகிறார். நடுவில் ஏதாவது விட்டுப்போயிருந்தால் அவரைத் திட்டு.

விஷயம் இதுதான். என் வகுப்பைப் பிடுங்கப் பார்க்கிறார்கள்.

தெரிந்த கதைதானே என்று முகத்தைச் சுளிக்காதே. உங்கள் சபைக் கமிட்டியில் எடுத்துச் சொல்ல உனக்கு விவரம் வேண்டும். நீ உன் அம்மா வயிற்றில் இருந்தபோது பழைய போதகர் இந்த வகுப்பை என்னிடம் கொடுத்தார். ஞாயிறு பள்ளியில் கடைசி அறை, கூட்டத்திலேயே சின்னப் பிள்ளைகள். "எழுத்துத் தெரியாத பிள்ளைங்களுக்கு எழுத்துத் தெரியாத வாத்தியார். ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் ஏமாத்த முடியாது" என்றார். அன்றைக்கு அவர் போட்டிருந்த அங்கியில் இடது கைப்பக்கம் தையல் விட்டிருந்தது. கிடங்கில் மூட்டை இறக்கிவிட்டு நான் வேர்வையோடு நின்றேன். எனக்கு எதுவும் மறப்பதில்லை. வேதத்தில் நான் காதால் கேட்டதை எல்லாம் அப்படியே பிள்ளைகள் காதில் போட்டிருக்கிறேன்.

இந்த வருஷம் உங்கள் தலைமை அலுவலகம் சின்ன வகுப்புக்கும் வாய்மொழித் தேர்வு என்று உத்தரவு போட்டது. கழுத்தில் அட்டை தொங்கவிட்ட ஒரு பரிசோதகர் வந்தார். பாடம், இரண்டு மகன்கள் கதை. சின்னவன் பங்கைப் பிரித்து வாங்கிக்கொண்டு போய் அழித்துவிட்டு, பன்றி மேய்த்து, திரும்பி வருகிறான். அப்பா கட்டிப்பிடித்து விருந்து வைக்கிறார். வயலில் உழைத்துவிட்டு வருகிற மூத்தவன் பாட்டுச் சத்தம் கேட்டுக் கோபப்பட்டு வாசலிலேயே நிற்கிறான். என் வகுப்பில் இதை எப்படி நடத்துவேன் என்று உனக்குத் தெரியும். ஒரு பிள்ளை மூத்தவனாகக் கதவுக்கு வெளியே நிற்கும். உள்ளே பாட்டு. பிஸ்கட் டின்னைத் திறப்பேன். பிள்ளைகள் ஒவ்வொருவராகப் போய் வெளியே நிற்கிற பிள்ளையைக் கூப்பிடுவார்கள். கடைசியில் அது உள்ளே வந்துவிடும். வராத பிள்ளையை நான் பார்த்ததில்லை.

தேர்வு நேரம் என்னைத் தாழ்வாரத்தில் உட்கார வைத்தார்கள். சத்தம் மட்டும் கேட்டது.

"கடைசியில மூத்த மகன் என்ன செஞ்சான்?"

"உள்ள வந்துட்டான் சார்!" மொத்தமாகக் கத்தினார்கள்.

"அப்படி வேதத்துல இல்லையே. உங்களுக்கு யார் சொன்னா?"

"யாரும் சொல்லல சார். நாங்க பார்த்தோம்."

"பார்த்தீங்களா? எங்க?"

"இதோ இந்தக் கதவுலதான். வந்து ரெண்டு பிஸ்கட் எடுத்தான் சார்." இது முன்பல் விழுந்த பயல்.

அதற்கு மேல் பொறுக்காமல் நான் வீட்டுக்கு நடையைக் கட்டிவிட்டேன். மொத்த வட்டாரத்தில் என் வகுப்பு கடைசி. இனி அச்சடித்த புத்தகத்தோடு வேறு ஆள் நடத்தட்டுமா என்று போதகர் மேலே எழுதிக் கேட்டிருக்கிறார். கையெழுத்துப் போடுவது யார் என்று கேட்டேன். சிறுவர் ஊழியப் பொறுப்பாளர் என்றார். "அது என் மவதானே" என்று சிரித்தேன். போதகர் சிரிக்கவில்லை.

ஒரு வார்த்தை சொல். போதும்.

அப்பா


ஜூலை 12

அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. நீங்கள் கேட்பதன் பெயர் சிபாரிசு. அதைச் செய்யாததால்தான் இந்த நாற்காலியில் என்னை விட்டுவைத்திருக்கிறார்கள்.

மூன்று மொழிபெயர்ப்புகளையும் எடுத்துப் பார்த்தேன். மூத்த மகன் உள்ளே போனதாக எதிலும் இல்லை. நீங்கள் இல்லாததைச் சொல்லிக்கொடுத்தீர்கள் என்று நான் சொல்லவில்லை. சொல்லாமலே நம்பவைத்துவிட்டீர்கள். பிள்ளைகளுக்கு அதுதான் இன்னும் ஆழமாகப் பதிகிறது.

அந்த நாடகம் எனக்கும் நினைவிருக்கிறது. நான் உங்கள் வகுப்பில் இருந்தவரை மூத்தவனாக நிற்க என்னை ஒருமுறைகூட விட்டதில்லை. "நீ வாத்தியார் பொண்ணு, நீ போய் நின்னா நல்லாயிருக்காது" என்பீர்கள். டின்னைப் பிடித்துக்கொண்டு எல்லோருக்கும் பிஸ்கட் கொடுப்பது என் வேலை. எனக்கு எடுக்கும்போது அடியில் தூள்தான் இருக்கும்.

இத்துடன் புதிய பாடப்புத்தகம் ஒன்று அனுப்பியிருக்கிறேன். உங்களுக்கு வாசித்துக் காட்ட நம் சபையிலிருந்து ஒரு கல்லூரிப் பெண்ணை ஏற்பாடு செய்யச் சொல்லியிருக்கிறேன். மூன்று ஞாயிறு நடத்திப் பாருங்கள். ஒழுங்காகப் போனால் வகுப்பு உங்களிடமே இருக்கும். இதுவே நான் செய்யக்கூடிய அதிகபட்சம்.

வீட்டு விஷயம் எதையும் மற்றவர் கையால் எழுதவைக்க வேண்டாம். தையல்கார அக்கா, இதை நீங்கள்தான் அவருக்கு வாசிப்பீர்கள் என்று தெரியும். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

மகள்


ஜூலை 24

மகளே,

தையல்காரம்மா தப்பாகத்தான் எடுத்துக்கொண்டார். இரண்டு நாள் கெஞ்சி உட்கார வைத்திருக்கிறேன்.

உன் புத்தகம் நடந்தது. எப்படி நடந்தது என்று கேள். அதே கதையைத்தான் முதல் பாடமாக வைத்திருக்கிறார்கள். கல்லூரிப் பெண் நல்ல பெண், குரல்தான் கொசு பறக்கிற மாதிரி. முதல் பக்கத்தில் பெரிய பன்றி. நிறம் தீட்டவும் என்று போட்டிருக்கிறதாம். பிள்ளைகள் தீட்டினார்கள். பன்றிக்கு என்ன நிறம் என்று சண்டை வந்தது. ஒரு பயல் பச்சை அடித்தான், பக்கத்துப் பிள்ளை பன்றி பச்சையா இருக்காது என்று அவன் பென்சிலைப் பிடுங்கி ஜன்னல் வழியாகப் போட்டது. அதற்குள் மணி அடித்துவிட்டது. மகன் இன்னும் பன்றித் தொட்டியிலேயே இருக்கிறான். வீட்டுக்கு வருவது அடுத்த வாரப் பாடமாம்! ஒரு பெண்குழந்தை கதவைப் பிடித்துக்கொண்டு அழுதது. "தாத்தா, அவன் ராத்திரி எங்க படுப்பான்?" "புத்தகத்துல கேளும்மா" என்றேன். கல்லூரிப் பெண்ணுக்கும் கண் கலங்கிவிட்டது.

ஒரு பிள்ளையைப் பன்றியோடு விட்டுவிட்டு வீட்டுக்கு அனுப்புகிறது பாடமா? நீங்கள் எல்லாம் படித்தவர்கள், யோசிக்க மாட்டீர்களா? கதையைத் தொடங்கினால் ஒரே மூச்சில் வீடு கொண்டுவந்து சேர்க்க வேண்டும்.

நீ வேண்டாம் என்றாலும் வீட்டு விஷயத்தைச் சொல்லத்தான் போகிறேன். வேறு யார் கையால் எழுத? எனக்கு வேறு கை இல்லை. உன் தம்பி டயர் கடையில் வேலைக்குப் போகிறான். பத்து மணிக்கு எழுந்திருக்கிறான் என்பது உண்மைதான், ஆனால் போகிறான். "அக்கா எப்பப்பா வரும்?" என்று கேட்கிறான். நீ மூத்தவள். எல்லாவற்றையும் பிடித்துவைத்துக்கொண்டே இருந்தால் எப்படி? நீயும் கொஞ்சம் இறங்கித்தான் வாயேன்.

அப்பா


ஆகஸ்ட் 2

அப்பாவுக்கு,

இறங்கி வா என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த வார்த்தைகளை மூன்று நாளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

சரி, தையல்கார அக்காவின் முன்னாலேயே பேசுவோம். அம்மா படுக்கையில் கிடந்தபோது, வீட்டில் இருந்ததை எடுத்துக்கொண்டு அவன் போனான். அம்மாவை அடக்கம் செய்து மேலே புல் முளைத்த பிறகு வந்தான். அவன் வந்ததைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. உண்மையாகவே இல்லை. என் குறை வேறு.

அன்று அலுவலகத்திலிருந்து உங்கள் முழங்காலுக்குத் தைலம் வாங்கிக்கொண்டு வந்தேன். தெருமுனையிலேயே பாட்டுச் சத்தம். வாசல் நிறையச் செருப்பு. என் கட்டில் வெளியே சுவரோரம் நிமிர்த்தி வைத்திருந்தது. அதன் காலில் என் துணி மூட்டை தொங்கியது. அறையை அவனுக்குக் கொடுத்துவிட்டீர்கள். என்ன விசேஷம் என்று, என் சொந்த வீட்டு வாசலில் நின்று பக்கத்து வீட்டாரைக் கேட்டேன். "உன் தம்பி வந்துட்டான்ல, சபைக்கே சாப்பாடு" என்றார்கள்.

நான் கேட்டருகே நின்றேன். ஜன்னல் வழியாக உங்களைப் பார்த்தேன். நீங்களும் பார்த்தீர்கள். இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள், உங்களுக்குத்தான் எதுவும் மறக்காதே. நாற்காலியில் உட்கார்ந்தபடியே உங்கள் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேரைத் தட்டி அனுப்பினீர்கள். அதுகள் வந்து என் விரலைப் பிடித்து இழுத்தன. "அக்கா, வாங்கக்கா, தாத்தா கூப்பிடுறாங்க." தைலத்தை அவர்கள் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பி நடந்தேன். அன்றிலிருந்து விடுதிதான்.

இப்போது தேர்வுக்கு வருகிறேன். பரிசோதகர் கேட்டது ஒரு கேள்வி இல்லை, இரண்டு. நீங்கள் கோபித்துக்கொண்டு போன பிறகு இரண்டாவதைக் கேட்டிருக்கிறார்: "மூத்தவன் வெளியே நின்றபோது அப்பா என்ன செய்தார்?" உங்கள் பிள்ளைகள் ஒரே குரலில் சொன்ன பதிலை அவர் இங்கே டீ குடிக்கும்போது எல்லோர் முன்னாலும் சொல்லிக்காட்டினார். "தாத்தா நாற்காலியில உட்கார்ந்திருந்தார்." அலுவலகமே சிரித்தது. நான் கோப்பையைக் கழுவ எழுந்து போனேன்.

வேதத்தில் அந்த இடத்தை அக்காவை வாசிக்கச் சொல்லுங்கள். அப்பா வெளியே வருகிறார். விருந்தாளிகளை விட்டுவிட்டு, அவரே எழுந்து, வாசலைத் தாண்டி வந்து அந்த மகனிடம் கெஞ்சுகிறார். அது அங்கே இருக்கிறது. கதையை ஒரே மூச்சில் சொல்வேன் என்கிறீர்களே, இத்தனை வருஷமும் இதை மட்டும் எப்படித் தாண்டிப் போனீர்கள்?

மகள்


ஆகஸ்ட் 19

மகளே,

உன் கடிதத்தை நடுவில் நிறுத்திவிட்டு, "ஐயா, மிச்சத்த நாளைக்குப் படிக்கட்டுமா?" என்று கேட்டார் தையல்காரம்மா. "இப்பவே படிம்மா" என்றேன். படித்தார். பிறகு வேதத்தை எடுத்து அந்த இடத்தைப் படிக்கச் சொன்னேன். அவர் சபைக்கு வராதவர், தேடவே நேரம் பிடித்தது. ஒரு தரம் படித்தார். இன்னொரு தரம் படிக்கச் சொன்னேன். அடுத்த தரம் கேட்டதற்கு, "நீங்க எத்தன தரம் கேட்டாலும் அது அப்படியேதான்யா இருக்கும்" என்று கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டார்.

மறந்துவிட்டேன் என்று நான் சொன்னதாக இதுவரை யாரும் சொன்னதில்லை. இதற்கும் சொல்ல மாட்டேன்.

மூட்டை தூக்கித் தேய்ந்த முழங்கால் என்று எழுதச் சொல்ல வாயெடுத்தேன். அந்தம்மா ஊசியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். சரி, அதை எழுத வேண்டாம்.

போன ஞாயிறு கல்லூரிப் பெண்ணிடம் கடைசிக் கொஞ்ச நேரத்தைக் கேட்டு வாங்கினேன். புத்தகத்தை மூடச் சொன்னேன். மூத்தவனாக நிற்க, கலெக்டர் என்று நாங்கள் கூப்பிடுகிற ஒரு பெண்குழந்தை போனது. எல்லோருக்கும் உத்தரவு போடும், அதனால் அந்தப் பெயர். உள்ளே பாட்டு ஆரம்பித்தது. வழக்கம்போலப் பிள்ளைகள் கூப்பிட எழுந்தார்கள். "எல்லாரும் உட்காருங்க" என்று சொல்லிவிட்டு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நானே எழுந்தேன். வாசல்படியைத் தாண்டினேன். கலெக்டர் கையைக் கட்டிக்கொண்டு நின்றது.

"உள்ள வாம்மா."

"மாட்டேன்."

"ஏம்மா?"

"அவனுக்கு மட்டும் பாட்டுப் பாடினீங்க."

"என்கிட்ட இருக்கிறது எல்லாம் உன்னோடதுதான் கண்ணு." கதையில் அந்த அப்பா சொல்கிற மாதிரியேதான் சொன்னேன்.

"அப்போ டின்னக் குடுங்க."

நான் இதை எதிர்பார்க்கவில்லை. கொடுக்காமல் இருக்க முடியுமா? உள்ளே போய் எடுத்துவந்து கொடுத்தேன். படியில் உட்கார்ந்து மடியில் வைத்துக்கொண்டு தின்ன ஆரம்பித்தது. நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். உட்காருவதற்குள் உயிர் போய்விட்டது.

"இன்னும் கோபமா?"

வாய் நிறைய பிஸ்கட்டோடு "ம்" என்றது.

"எப்பப் போகும்?"

"தெரியாது. நீங்க உள்ள போங்க."

"போகல."

உள்ளே இருந்த பிள்ளைகள் பிஸ்கட் இல்லை என்று தெரிந்ததும் கூச்சல் போட்டார்கள். முன்பல் விழுந்தவன் புரண்டு அழுதான். ஆராதனை முடிந்து பெற்றோர் வந்துவிட்டார்கள். போதகரும் வந்தார். "என்ன பாடம் நடக்குது இங்க?" என்றார். "இன்னும் முடியலைங்க" என்றேன். கலெக்டரின் அம்மா வந்து கையைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். ஆக, இந்த முறை மூத்தவன் உள்ளே வரவே இல்லை. போதகர் இதையும் மேலே எழுதியிருப்பார். எழுதியது உண்மைதான், நீ விசாரிக்க வேண்டியதில்லை.

அறையைக் காலி பண்ணச் சொன்னேன். "அக்கா வந்தா நான் ஹால்ல படுத்துக்கிறேன்" என்றான் உன் தம்பி. "வந்தா என்னடா வந்தா, இன்னைக்கே படு" என்றேன். அன்றையிலிருந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிகிறான். கட்டிலை உள்ளே போட்டாயிற்று. ஒரு கால் ஆடுகிறது. மழையில் நின்ற கட்டில்தானே. இங்கே ஒருத்தன் முகத்தைத் தூக்கிக்கொண்டு, அங்கே ஒருத்தி. இரண்டு பிள்ளைகளைப் பெற்றவனுக்குத்தான் தெரியும்.

நான் அங்கே வரலாம் என்று இருக்கிறேன்.

அப்பா


ஆகஸ்ட் 27

அப்பாவுக்கு,

உத்தரவில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். அடுத்த மாதத்திலிருந்து வகுப்பு அந்தக் கல்லூரிப் பெண்ணுக்கு. மகள் என்பதால் விட்டுவிடுவேன் என்று கமிட்டியில் நினைத்தார்கள். மகள் என்பதால்தான் போட்டேன் என்று நீங்கள் நினைப்பீர்கள். இரண்டும் இல்லை. பிஸ்கட் டின்னைத் தூக்கி ஒரு பிள்ளையிடம் கொடுத்துவிட்டு மற்ற பிள்ளைகளை அழவிட்ட வாத்தியாருக்கு, யாராக இருந்தாலும், அதுதான் உத்தரவு. போட்டுவிட்டு அன்று டிபன் டப்பாவைத் திறக்காமலே விடுதிக்குத் திரும்பினேன். அதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

கடைசியில் மூத்த மகன் என்ன செய்தான் என்ற கேள்வியைத் தேர்விலிருந்து எடுத்துவிட்டேன். வேதமே சொல்லாமல் விட்டதைப் பிள்ளைகளிடம் கேட்டது எங்கள் தவறு. பாடப்புத்தகத்திலும் அந்தக் கதையை ஒரே வாரத்தில் முடிக்கும்படி மாற்றச் சொல்லியிருக்கிறேன். பன்றியை எடுக்க அச்சகம் ஒப்புக்கொள்ளவில்லை.

இங்கே வர வேண்டாம். பஸ் மாறி வர வேண்டும், பலகை படிக்க உங்களால் முடியாது. இது பெண்கள் விடுதி, ஆண்களை உள்ளே விடமாட்டார்கள். உங்கள் காலுக்கு இந்த அலைச்சல் ஆகாது. கட்டிலை உள்ளே போட்டதற்காக நான் ஓடி வந்துவிடுவேன் என்றும் எதிர்பார்க்காதீர்கள். அந்தக் குழந்தையிடம் கேட்ட மாதிரி எப்போது போகும் என்று என்னிடமும் கேட்காதீர்கள். எனக்கும் தெரியாது.

வராதீர்கள் அப்பா.

மகள்


செப்டம்பர் 6, ஞாயிறு

மகளே,

கையெழுத்து மாறியிருக்கிறதே என்று பார்க்காதே. இதை எழுதுகிறவர் உன் விடுதிக் காவலாளி. வெளியே கேட்டருகே அவருடைய ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறேன். ஆண்களுக்கு அனுமதி இல்லை என்று பலகையில் எழுதியிருக்கிறதாம். எழுத்துத் தெரியாதவனுக்கு அது எப்படித் தெரியும் என்று கேட்டேன். "அதுக்குத்தான் பெரியவரே என்னை வெச்சிருக்காங்க" என்கிறார்.

எப்படி வந்தேன் என்று கேட்பாய். வாயால் வந்தேன். பஸ்ஸில் ஏறுகிறவன் இறங்குகிறவன் எல்லோரையும் கேட்டேன். ஒருத்தன் தப்பான பஸ்ஸில் ஏற்றிவிட்டான். அவனைத் திட்டிக்கொண்டே இறங்கி, வந்த வழியே திரும்பி, மறுபடி கேட்டேன். இரண்டாவது பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கவில்லை. கால் என்னவாயிற்று என்பதை நீயே வந்து பார்த்துக்கொள்.

நீ ஆராதனை முடிந்து மேலே போய்விட்டாய் என்றார் இவர். இரண்டாவது மாடியில் திரைச்சீலை ஆடியது என்றும் சொல்கிறார். எனக்கு அவ்வளவு தூரம் கண் எட்டவில்லை.

வீட்டுக்கு வா என்று கூப்பிட நான் வரவில்லை. தம்பியைப் பற்றிப் பேசவும் வரவில்லை. என்ன பேச என்று வழியெல்லாம் யோசித்தேன், ஒன்றும் தோன்றவில்லை. என் வகுப்பைப் பிடுங்கிக்கொண்டதற்கு உன்னிடம் சண்டை போட வேண்டும், அது மட்டும் தெளிவாக இருக்கிறது. முதலில் அதைப் போடலாம்.

இவரை நம்பி இந்தச் சீட்டை மேலே அனுப்புகிறேன். யாரையும் அனுப்பி உன் விரலைப் பிடித்து இழுக்கச் சொல்லவில்லை. இவர் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்துவிடுவார். நான் இங்கேதான் இருப்பேன். ஞாயிற்றுக்கிழமை எனக்கு வேறு வேலை இல்லை, நீயே கையெழுத்துப் போட்டிருக்கிறாய்.

கோபம் போகட்டும், அப்புறம் இறங்கலாம் என்று உட்கார்ந்திருக்காதே. அதையும் எடுத்துக்கொண்டே வா.

அப்பா